ஹைதர்: பூதிகோட்டையில் இடப்பட்ட ஒரு பெயரும் அதன்மேல் ஏறிய குணங்களும்

ஒரு பெயருக்கு அகராதி தரும் பொருள் ஒன்று. அந்தப் பெயரைக் கேட்டவுடன் ஒரு சமூகம் மனத்தில் எழுப்பிக்கொள்ளும் ஆளின் சாயல் வேறொன்று. துருக்கியில் இன்றும் ஆண்குழந்தைகளுக்கு இடப்பட்டுவரும் ‘ஹைதர்’ என்ற பெயர் இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள தொலைவை அளந்து பார்க்க ஏற்றது. சிங்கம் என்பது அதன் பொருள் என்றும், அதைத் தாங்குபவர் அஞ்சாநெஞ்சர், தலைமை ஏற்கப் பிறந்தவர் என்றும் பெயர்ப்பொருள் நூல்கள் எளிதாகச் சொல்லிவிடுகின்றன. ஆனால் அரபு நாட்டில் பிறந்து, பாரசீகத்திலும் துருக்கிய நிலங்களிலும் வளர்ந்து, தக்காணத்தின் வழியாகத் தெற்கே இறங்கிவந்த அந்தப் பெயர், 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கோலார்ச் சீமையின் பூதிகோட்டையில் ஒரு படைத்தலைவரின் மகனுக்குச் சூட்டப்பட்ட பிறகு, எந்த அகராதியிலும் இல்லாத பொருள்களை ஏற்றுக்கொண்டது. ஒரு பெயரின் குணம் அதன் வேர்ச்சொல்லில் உறைவதில்லை, அதைத் தாங்கியவர்களின் வாழ்வும் அவர்களை நினைவில் வைத்திருப்போரின் அன்பும் அச்சமும் அதன்மேல் படியச் செய்வதே அக்குணம் என்பதற்கு பின்னாளில் மைசூரை ஆண்ட ஹைதர் அலியின் பெயரைவிடத் தெளிவான சான்று தென்னிந்திய வரலாற்றில் அரிது.

பூதிகோட்டை இன்று கர்நாடகத்தின் கோலார் மாவட்டம், பங்காருபேட்டை வட்டத்தைச் சேர்ந்த ஊர். தமிழ்த் தொழிலாளர்களின் உழைப்பால் உருவான கோலார் தங்கவயலுக்கு அண்மையில், கன்னடமும் தெலுங்கும் தமிழும் ஒன்றோடொன்று உரசும் எல்லைப்பகுதியில், மார்க்கண்டேய ஆற்றின் ஓரம் அமைந்தது. பூதி என்பது திருநீற்றுச் சாம்பல். விபூதிபுரம் என்ற வடமொழி வடிவமும் இந்த ஊருக்கு உண்டு, முற்காலத்தில் நடந்த பெருவேள்வி ஒன்றின் சாம்பலால் அப்பெயர் வந்தது என்பது தலபுராணம். திருநீற்றின் பெயரைத் தாங்கிய ஊரில், நபிகள் நாயகத்தின் மருமகனான அலியின் சிறப்புப் பெயரைத் தாங்கி ஒரு குழந்தை பிறந்தது என்பதில் அக்காலத்தவருக்கு வியப்பு ஏதும் இருந்திருக்காது. தென்னாட்டின் பாளையங்களிலும் கோட்டைகளிலும் படைத்தொழில் தேடி அலைந்த குடும்பங்கள் எந்த ஊரில் ஜாகீர் கிடைத்ததோ அந்த ஊரிலேயே வேரூன்றின. ஜாகீர் என்பது ஊதியத்துக்கு ஈடாக ஒரு நிலப்பகுதியின் வரிவருவாயை அதிகாரிக்கு எழுதிக்கொடுக்கும் முறை. ஹைதரின் தந்தை ஃபத் முஹம்மது, சிராவைத் தலைமையிடமாகக் கொண்ட முகலாய மாகாணத்தில் கோலார்ப் பகுதிக்கு ஃபவுஜ்தாராக, அதாவது படையும் காவலும் சேர்ந்த பொறுப்பை வகிப்பவராக இருந்தபோது பூதிகோட்டை அவருடைய ஜாகீராக இருந்தது. 1720க்கும் 1722க்கும் இடைப்பட்ட ஆண்டுகளில் அவர் மகன் இங்கே பிறந்தான்.

அந்தக் குடும்பத்தின் பெயர்களை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் பெயரிட்டவர்களின் மனம் ஓரளவு புலப்படும். தந்தையின் பெயரில் உள்ள ‘ஃபத்’ அரபியில் வெற்றியைக் குறிக்கும். மூத்த சகோதரன் ஷாபாஸ். பாரசீகத்தில் அது அரசர்கள் கையிலேந்தி வேட்டைக்கு விடும் வல்லூறு. இளையவன் ஹைதர், சிங்கம். மைசூர்ப் படையில் ஏற்கெனவே பணியாற்றிவந்த நெருங்கிய உறவினர் ஒருவரும் ஹைதர் சாஹிப் என்றே அழைக்கப்பட்டார். ஆகவே அந்தக் குடும்பத்துக்கு இது புழங்கிய பெயர், வருங்காலப் பெருமையை முன்னறிந்து வைத்த பெயர் அன்று. வாள்பிடித்துப் பிழைக்கும் குடும்பம் தன் பிள்ளைகளிடம் எதிர்பார்த்த குணங்களைப் பெயர்களாகச் சூட்டியது. இத்தகைய வீரப் பெயர்களோடு எத்தனையோ சிப்பாய்கள் அக்காலத்தில் வரலாற்றில் தடமின்றி மறைந்தார்கள் என்பதையும் இங்கே மறந்துவிடக் கூடாது.

அரபு மொழியில் சிங்கத்துக்குப் பல பெயர்கள் உண்டு. அசத் என்பது பொதுச்சொல். லைஸ், கழன்ஃபர், அப்பாஸ், ஹம்ஸா முதலியன அதன் வெவ்வேறு தன்மைகளோடு சேர்ந்து ஆட்பெயர்களாக வழங்குபவை. அவற்றுள் ஹைதர் மட்டும் ஒரே ஒரு மனிதரோடு பிரிக்க முடியாதபடி ஒட்டிக்கொண்டது. நபிகள் நாயகத்தின் ஒன்றுவிட்ட சகோதரரும் மருமகனும் நான்காம் கலீஃபாவுமான அலிக்கு, அவர் தாய் முதலில் இட்ட பெயர் ஹைதரா என்பது மரபு. அந்தத் தாயின் பெயர் ஃபாத்திமா பின்த் அசத், அதாவது அசதின் மகள் ஃபாத்திமா. தன் தந்தை பெயராகிய சிங்கத்தையே வேறு சொல்லால் மகனுக்குச் சூட்டினார் என்று உரைகாரர்கள் விளக்குவார்கள். கி.பி. 628இல் நடந்த கைபர்ப் போரில் எதிரித் தளபதியின் முன் நின்று அலி தன்னை இந்தப் பெயராலேயே அறிமுகம் செய்துகொண்டதாக மரபு கூறுகிறது. ‘அசதுல்லாஹ்’, இறைவனின் சிங்கம், என்பதும், திரும்பத்திரும்பப் பாய்ந்து தாக்குபவர் என்னும் பொருளில் ‘ஹைதரே கர்ரார்’ என்பதும் அவருடைய பட்டங்களாயின. ஆகவே ஒரு குழந்தைக்கு ஹைதர் என்று பெயரிடும் பெற்றோர் காட்டு விலங்கை நினைப்பதில்லை, அலியை நினைக்கிறார்கள். வீரத்தோடு நீதி, கல்வி, எளிய வாழ்வு, கொடை எனும் குணங்களும் அலியின் மேல் ஏற்றப்பட்டவை என்பதால், அகராதியில் சிங்கமாக மட்டுமே நிற்கும் சொல் பக்தர்களின் செவியில் முற்றிய ஓர் அறவோனின் உருவமாக ஒலிக்கிறது.

துருக்கிய மக்களிடம் இந்தப் பெயர் பெற்ற வாழ்வு மேலும் சிக்கலானது. சிங்கத்துக்கு அவர்களுடைய சொந்தச் சொல் அர்ஸ்லான், இன்றைய துருக்கியில் அஸ்லான். 1071இல் மன்சிகெர்ட்டில் பைசாந்தியப் பேரரசரைத் தோற்கடித்த செல்ஜுக் சுல்தான் அல்ப் அர்ஸ்லானின் பெயரிலும், 1934ஆம் ஆண்டின் குடும்பப்பெயர்ச் சட்டத்துக்குப் பிறகு எண்ணற்ற குடும்பங்கள் ஏற்ற பெயரிலும் அந்தச் சொல்லே உள்ளது. வீரத்தை மட்டும் குறிக்க அது போதும். ஹைதர் என்ற அரபுச் சொல்லை அவர்கள் தனியே எடுத்துக்கொண்டது அலியின் மேல் கொண்ட பற்றால். 15ஆம் நூற்றாண்டில் அஜர்பைஜான் பகுதியில் சஃபாவி சூஃபி மரபின் தலைவராக இருந்த ஷேக் ஹைதர், தம்மைப் பின்பற்றிய துருக்கமான் குடிப்படையினருக்குப் பன்னிரண்டு மடிப்புகள் கொண்ட செந்நிறத் தலையணியை வகுத்தார் என்பது வரலாறு. பன்னிரண்டு மடிப்புகளும் பன்னிரண்டு இமாம்களுக்கானவை. ‘ஹைதரின் முடி’ என்று அதற்கே பெயர். அதை அணிந்தவர்கள் கிசில்பாஷ், செந்தலையர், எனப்பட்டார்கள். 1488இல் அவர் போரில் மடிந்தபின், அவர் மகன் இஸ்மாயில் 1501இல் ஈரானில் சஃபாவி அரசை நிறுவினார்; ‘கதாயி’ என்ற புனைபெயரில் அவர் துருக்கிய மொழியில் இயற்றிய பாடல்களை கிசில்பாஷ் வழிவந்த அனத்தோலியாவின் அலெவி மக்கள் இன்றும் தங்கள் வழிபாட்டுக் கூட்டங்களில் பாடுகிறார்கள். 1514இல் சல்திரான் போரில் உஸ்மானியர் இஸ்மாயிலை வென்றதற்குப் பின், உஸ்மானிய நிலத்தில் வாழ்ந்த கிசில்பாஷ் மக்கள் ஐயத்துக்கும் ஒடுக்குமுறைக்கும் உள்ளானார்கள்.

இந்த வரலாற்றை ஒதுக்கிவிட்டு ஹைதர் என்ற பெயருக்குத் துருக்கியில் உள்ள குணச்சாயலைப் பேச முடியாது. அங்கே அலி ஹைதர் என்ற இணைப்பெயரைக் கேட்பவர் மனத்தில் துணிச்சலைவிட முதலில் எழுவது, இவர் அலெவியாக இருக்கலாம் என்ற ஊகம். சன்னி முஸ்லிம்களிடமும் இந்தப் பெயர் உண்டு. இஸ்தான்புல்லின் ஆசியக் கரையில், 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மானியக் கட்டடக்கலைஞர்கள் எழுப்பிய புகழ்பெற்ற ரயில்நிலையத்தின் பெயரே ஹைதர்பாஷா. ஆயினும் ஒரு பெயர் எந்தச் சமூகத்தின் நெஞ்சுக்கு நெருக்கமோ அந்தச் சமூகத்தின் பெருமையும் வடுவும் அதில் தங்கும். மன உறுதி, அநீதிக்குப் பணியாமை என்று இந்தப் பெயரோடு அங்கே சேர்த்துப் பேசப்படும் குணங்கள், நெடுங்காலம் ஒதுக்கிவைக்கப்பட்ட மக்கள் தங்களைப் பற்றிச் சொல்லிக்கொண்டவை. விலங்கின் இயல்பிலிருந்து வந்தவை அல்ல. அஜர்பைஜானை 1993 முதல் 2003 வரை ஆண்ட அதிபரின் பெயர் ஹைதர் அலியெவ் என்பதையும் இங்கே குறிப்பிடலாம்; பூதிகோட்டைப் பிள்ளைக்கு வாய்த்த அதே இரு சொற்கள், ரஷ்ய விகுதி ஒன்றைச் சேர்த்துக்கொண்டு காஸ்பியன் கரையில் நிற்கின்றன.

தக்காணத்துக்கு இந்தப் பெயர் வந்த வழிகளுள் ஒன்று நேரடியாகவே துருக்கமான் வழி. கோல்கொண்டாவின் குதுப் ஷாஹி அரசமரபை நிறுவிய சுல்தான் குலி, காரா கோயுன்லு எனப்படும் துருக்கமான் குடியின் கிளையைச் சேர்ந்தவர். அவர் பெயரில் உள்ள ‘குலி’ அடியவனைக் குறிக்கும் துருக்கியச் சொல். ஷியா நெறியைத் தழுவிய அந்த மரபில் வந்த முஹம்மது குலி குதுப் ஷா 1591இல் எழுப்பிய புதிய நகரமே ஹைதராபாத். காதலியின் பெயரால் அந்த நகருக்குப் பெயர் வந்தது என்ற கதை மக்களிடம் செல்வாக்குப் பெற்றிருந்தாலும், அலியின் சிறப்புப் பெயரைத் தலைநகருக்கு வைத்தார் என்பதே அந்த அரசமரபின் நெறியோடு பொருந்துகிறது. மற்றொரு வழி சூஃபிகளுடையது. ஹைதர் அலியின் முன்னோர் குல்பர்காவில் உள்ள பந்தே நவாஸ் தர்காவோடு தொடர்புடையவர்கள் என்று அவருடைய வரலாற்றை எழுதியவர்கள் குறிப்பிடுகிறார்கள். சூஃபிகளின் பெரும்பாலான குருபரம்பரைகள் அலியிடத்தில் போய் முடிபவை என்பதால், ஷியா அல்லாத தென்னாட்டுக் குடும்பங்களிலும் அலி, ஹைதர், ஹசன், ஹுசைன் என்ற பெயர்கள் தடையின்றிப் புழங்கின. ஹைதர் அலியின் குடும்பமும் சன்னி நெறியினரே.

ஹைதர் அலி துருக்கியர் அல்லர். ஆனால் பின்னாளில் அவர் ஏற்ற முழுப்பெயரில் துருக்கிய மொழிகளின் தடம் அழுத்தமாக உண்டு. நவாப் ஹைதர் அலி கான் பகதூர் என்பதில் கான், நடு ஆசியக் குடித்தலைவர்களின் பட்டம். பகதூர், ‘பகாதுர்’ என்ற பழைய துருக்கிய, மங்கோலியச் சொல் பாரசீகத்தின் வழியாக இந்தியாவுக்கு வந்த வடிவம், வீரன் என்று பொருள்படும். பின்னர் ஆங்கில அரசு ராவ் பகதூர், திவான் பகதூர் என்று தமிழ்நாட்டு வழக்கறிஞர்களுக்கும் மிராசுதாரர்களுக்கும் வழங்கிய பட்டங்களில் இருப்பது அதே குதிரைவீரனின் சொல் என்பதை அவற்றைப் பெற்றவர்கள் எண்ணிப் பார்த்திருக்க வாய்ப்பில்லை.

இந்த முழுப்பெயர் படிப்படியாகச் சேர்ந்த விதம் ஒரு வாழ்க்கையின் ஏற்றத்தை அப்படியே காட்டுகிறது. தந்தை போரில் மடிந்தபின் வறுமையிலும் துன்பத்திலும் வளர்ந்த ஹைதர், 1749இல் தேவனஹள்ளி முற்றுகையில் கவனத்துக்கு வந்து, நாயக் என்ற படைப்பதவியைப் பெற்றார். நாயக் என்பது சிறு படைப்பிரிவின் தலைவனைக் குறித்த பழைய தென்னாட்டுச் சொல். 1755இல் திண்டுக்கல்லின் ஃபவுஜ்தாரானார். மராத்தியரோடு ஏற்பட்ட நெருக்கடியைத் தீர்த்ததற்காக மைசூர் அரசர் கிருஷ்ணராஜ உடையார் அவருக்கு ‘ஃபத் ஹைதர் பகதூர்’ என்ற பட்டத்தை அளித்தார். தந்தையின் பெயரும் மகனின் பெயரும் ஒரே பட்டத்தில் இணைந்து, வெற்றிச் சிங்கம் என்ற பொருளைத் தந்தன. 1761இல், நிஜாமின் சகோதரர் பசாலத் ஜங்குக்கு 3 லட்சம் ரூபாய் கொடுத்துச் சிராவின் நவாப் பட்டத்தைப் பெற்றபோதுதான் முழுப்பெயர் நிறைவுற்றது. எந்த மாகாணத்தின் ஊழியராகத் தந்தை பூதிகோட்டையை ஜாகீராக வைத்திருந்தாரோ, அந்த மாகாணத்துக்கே மகன் நவாப் ஆனார். ஆங்கிலேயரோ தங்கள் ஆவணங்களில் பல இடங்களில் அவரை ‘ஹைதர் நாயக்’ என்றே குறித்தார்கள். பட்டத்தை மறுத்து, தொடக்கப் பதவியால் அழைப்பது பகைவனை அவன் இடத்தில் நிறுத்தும் உத்தி. மீர் ஹுசைன் அலி கான் கிர்மானி பாரசீகத்தில் எழுதிய ‘நிஷானே ஹைதரி’, ஹைதரின் சின்னம் என்று தலைப்பிடப்பட்டது. 1842இல் கர்னல் மைல்ஸ் அதை ஆங்கிலத்தில் வெளியிட்டபோது தலைப்பில் ஹைதர் நாயக் என்று இறக்கிவிட்டார். ஒரே மனிதரின் பெயரில் எந்த ஒட்டைச் சேர்ப்பது, எதை வெட்டுவது என்பதே அரசியலாக இருந்தது.

ஹைதர் அலிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. கன்னடம், தெலுங்கு, மராத்தி, தமிழ், இந்துஸ்தானி ஆகிய மொழிகளைப் பேசக்கூடியவர், கணக்குகளை மனத்திலேயே போட்டுவிடும் நினைவாற்றல் கொண்டவர். ஆனால் கையொப்பமாகத் தம் பெயரின் முதலெழுத்தாகிய ‘ஹே’யை மட்டுமே இடப் பழகியிருந்தார். 1763இல் கெளதி நாயக்கர்களின் செல்வ நகரமான பெதனூரைக் கைப்பற்றி அதற்கு ஹைதர்நகர் என்று தம் பெயரை இட்டபோது, அந்த ஒற்றை எழுத்து தங்கத்தில் ஏறியது. அவர் வெளியிட்ட பகதூரி வராகன், ஏறத்தாழ 3.4 கிராம் எடையுள்ள, சுண்டுவிரல் நகம் அளவேயான காசு. அதன் ஒரு பக்கத்தில் சிவபெருமானும் பார்வதியும் அமர்ந்திருக்கிறார்கள். கெளதி நாயக்கர்களின் காசில் இருந்த அதே உருவத்தை அவர் மாற்றவில்லை. மறுபக்கம் முழுவதும் சிறு புள்ளிகள் மணல்போல் பரவியிருக்க, நடுவே அரபு ‘ஹே’ வளைந்து நிற்கிறது. வேறு சொல் இல்லை, ஆட்சியாளரின் பட்டம் இல்லை, வம்சப் பெருமை இல்லை. முன்னிருந்த வணிகர்களும் உழவர்களும் நம்பிப் புழங்கிய காசின் முகத்தை அப்படியே விட்டுவிட்டு, தன் பெயரின் முதலெழுத்தை மட்டும் மறுபுறத்தில் பதித்த அந்தத் தீர்மானத்தில் ஹைதரின் உண்மையான குணம் தெரிகிறது. வருவாய் எங்கிருந்து வருகிறது என்பதை அறிந்து, கலைக்க வேண்டாததைக் கலைக்காமல் விடும் நிதானம் அது. கர்ஜனைக்கும் அதற்கும் தொடர்பில்லை.

மகன் திப்பு சுல்தான் அதே பெயரை வேறு விதமாகக் கையாண்டார். அவர் தம் நாணயங்களுக்கு நபியின், முதல் கலீஃபாக்களின், இமாம்களின் பெயர்களைச் சூட்டினார். ஏறத்தாழ 23 கிராம் எடையுள்ள இரட்டை ரூபாய் வெள்ளிக்காசுக்கு ‘ஹைதரி’ என்று பெயர், ரூபாய்க்கு ‘இமாமி’, அரை ரூபாய்க்கு ‘ஆபிதி’. வெள்ளிக்காசின் பாரசீக வாசகம், அஹ்மதின் மார்க்கம் உலகில் ஒளிர்வது ஹைதரின் வெற்றியால் என்னும் கருத்துடையது. அஹ்மத் என்பது நபிகள் நாயகம், ஹைதர் யார்? மார்க்க அறிவுடையவர் கைபர்ப் போரின் அலி என்று வாசிப்பார். தலைநகர் ஸ்ரீரங்கப்பட்டினத்துச் சிப்பாய் பொல்லிலூரில் ஆங்கிலப்படையை வீழ்த்திய தன் நவாபை நினைப்பார். இரண்டு வாசிப்புக்கும் இடம் வைத்தே அந்த வாசகம் தேர்ந்தெடுக்கப்பட்டது எனக் கருதலாம், ஏனெனில் வெற்றியைக் குறிக்கும் ‘ஃபத்’ என்ற சொல்லும் அதில் ஹைதரோடு சேர்ந்தே நிற்கிறது. திப்பு தம் மூத்த மகனுக்கும் ஃபத் ஹைதர் என்றே பெயரிட்டார். பாட்டன் பெயரைத் தாங்குவதால்தான் பெயரன் என்று வழங்கும் தமிழ் மரபுக்கு இந்த வழக்கம் அயலானதன்று.

சிங்கம் இந்த மண்ணில் புலியாக மாறியதே இந்தப் பெயரின் வரலாற்றில் மிகவும் ஆழ்ந்து கவனிக்கத்தக்க பகுதி. தென்னாட்டில் சிங்கம் நெடுங்காலமாகக் கல்லிலும் பெயரிலும் மட்டுமே வாழ்ந்தது. சிம்மவிஷ்ணு, நரசிம்மவர்மன், ராஜசிம்மன் என்று பல்லவர் தம்மை அழைத்துக்கொண்டபோது காஞ்சியின் காடுகளில் அது உலவவில்லை. மக்கள் கண்ட, அஞ்சிய, வழிபட்ட விலங்கு புலி; சோழரின் கொடியில் ஏறியதும் அதுவே. வடநாட்டு வழக்கிலேயே ‘ஷேர்’ என்ற பாரசீகச் சொல் சிங்கம், புலி இரண்டுக்கும் பொதுவாகிவிட்டிருந்தது. முஹர்ரம் நாள்களில், அலியின் மகன் ஹுசைனின் தியாகத்தை நினைவுகூரும் ஊர்வலங்களில், தென்னிந்தியாவின் பல ஊர்களில் ஆண்கள் உடலெங்கும் மஞ்சளும் கறுப்புமாக வரி தீட்டிக்கொண்டு புலிவேடம் ஆடுவது வழக்கம். நேர்ச்சையாக அந்த வேடத்தை ஏற்றவர்களில் இந்துக்களும் உண்டு. இறைவனின் சிங்கமாகிய அலி, தென்னாட்டுக் கண்களுக்கு வரிப்புலியாகவே தெரிந்தார்.

திப்புவின் அரசு இந்த மக்கள் வழக்கை அரசச் சின்னமாக உயர்த்தியது. அவருடைய படைக்கலங்களிலும் கொடிகளிலும் காணப்படும் ஓர் எழுத்தோவியத்தில், ‘இறைவனின் வெல்லும் சிங்கம்’ என்னும் பொருளுள்ள அரபுத் தொடர் கண்ணாடிப் பிம்பம்போல் இருபுறமும் மடித்தெழுதப்பட்டு, கண், மூக்கு, வாயுடன் ஒரு புலியின் முகமாக அமைகிறது. எழுத்தைப் படித்தால் சிங்கம், உருவத்தைப் பார்த்தால் புலி. இந்தச் சின்னத்தில் இஸ்லாமிய அருளாற்றலும் தென்னாட்டுச் சக்தி வழிபாட்டு உணர்வும் ஒருசேரச் செயல்பட்டதை வரலாற்றாசிரியர் கேட் பிரிட்டில்பேங்க் 1995இல் வெளியான தம் ஆய்வுக் கட்டுரையில் விரிவாக எடுத்துக்காட்டினார். திப்பு என்ற பெயருக்கே புலி என்பதுதான் பொருள் என்று இன்று பரவலாகச் சொல்லப்படுவது தவறு. கன்னடத்தில் புலி ‘ஹுலி’. ஆற்காட்டில் அடங்கியுள்ள திப்பு மஸ்தான் அவுலியா என்ற இறைநேசரை வேண்டிப் பிறந்ததால் அந்தக் குழந்தைக்கு அவர் பெயர் வந்தது. தவறான பொருளை உண்மையென மக்கள் ஏற்றுக்கொண்டதும் ஒரு சான்றே: முதலில் மனிதரின் குணம் நிலைபெறுகிறது, பிறகு பெயருக்கு அதற்கேற்ற பொருள் கற்பிக்கப்படுகிறது.

இதற்கு நேர்மாறாக, பெயரே குணத்தை உருவாக்குகிறது என்ற நம்பிக்கை இன்று வலுவாக உள்ளது. தமிழ்நாட்டில் எழுத்துகளுக்கு எண்மதிப்புக் கொடுத்துப் பெயரைத் திருத்திக்கொள்வோர் அந்த நம்பிக்கையில்தான் அதைச் செய்கிறார்கள். உளவியலிலும் இது ஆராயப்பட்டிருக்கிறது: மக்கள் தங்கள் பெயரை ஒத்த தொழிலையும் ஊரையும் நாடுகிறார்கள் என்று பெல்ஹாமும் அவருடைய சகாக்களும் 2002இல் வெளியிட்ட முடிவுகளை, 2011இல் சைமன்சோன் மறுஆய்வு செய்து, அவற்றில் பெரும்பகுதியை வேறு காரணங்களால் விளக்கலாம் என்று காட்டினார். ஒரு முகத்தைப் பார்த்து அதற்குரிய பெயரைத் தற்செயலை விஞ்சிய அளவில் ஊகிக்க முடிகிறது என்று 2017இல் ஸ்வெப்னர் குழுவினர் கண்டது நம்பத்தக்கதாக இருந்தாலும், அதற்கு அவர்கள் தந்த விளக்கமும் சமூக எதிர்பார்ப்பைச் சார்ந்ததே. பாரசீக, அரபு மரபில் எழுத்தெண் முறை இருந்தது. ‘அப்ஜத்’ எனப்படும் அம்முறையில் ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண் உண்டு. ஆனால் அங்கே அது காலக்குறிப்புக்கும் பயன்பட்டது. ஹைதர் 222, அலி 110, கான் 651, பகதூர் 212, மொத்தம் 1195. ஸ்ரீரங்கப்பட்டினக் கல்லறைச் செய்யுள் இந்தப் பெயர்த்தொடரையே அவர் இறந்த ஹிஜ்ரி ஆண்டின் குறிப்பாக வைத்திருக்கிறது. அவர் இறந்த 1782 டிசம்பர் 7, ஹிஜ்ரி 1196 முடிந்து 1197 பிறக்கும் தறுவாய். கணக்கு சற்றே பிசகினாலும், வாழ்வின் முடிவைப் பெயருக்குள்ளேயே காணவேண்டும் என்ற புலவரின் விருப்பம் வலிமையானது.

ஹைதர் அலியின் போர்முறையை அவர் பெயரோடு ஒப்பிட்டால் பொருந்தாமையே மிகுதி. திரும்பத்திரும்ப முன்னேறிப் பாய்பவர் என்பது அலியின் பட்டம். ஹைதரோ, நேருக்குநேர் நின்று போரிடுவதில் ஆங்கிலக் காலாட்படையின் ஒழுங்கு மேலானது என்பதை உணர்ந்து, குதிரைப்படையால் அவர்களுடைய உணவுவழியை அறுத்து, பசியாலும் அலைச்சலாலும் களைப்படையச் செய்தவர். 1769இல் பெரும்படையைப் பின்னால் விட்டுவிட்டு, விரைவுக் குதிரைகளோடு சென்னையின் வாசலுக்கே வந்து நின்று, ஏப்ரல் மாதத்தில் ஆங்கிலேயரை ஒப்பந்தத்தில் கையெழுத்திடச் செய்தது அந்த முறையின் உச்சம். பொறுமை, உளவு, கணக்கு, விரைவு ஆகியவை அவருடைய பலங்கள். ஹைதர் என்றால் சிங்கம், ஆகவே அவர் சிங்கம்போல் போரிட்டார் என்று எழுதுவோர் அவருடைய அறிவைச் சிறுமைப்படுத்துகிறார்கள்.

அவர் வாழ்ந்தபோதே அந்தப் பெயர் கடல் கடந்தது. பிரிட்டனை எதிர்த்து விடுதலைப் போர் நடத்திக்கொண்டிருந்த அமெரிக்காவில், பென்சில்வேனியா மாகாணம் தன் வணிகத்தைக் காக்க ஆயுதம் பூட்டிய கப்பல் ஒன்று ‘ஹைதர் அலி’ என்று பெயர்பெற்றது. 1782 ஏப்ரல் 8இல், ஜோஷுவா பார்னியின் தலைமையில், டெலவேர் விரிகுடாவில் அது ‘ஜெனரல் மங்க்’ என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பலைக் கைப்பற்றியது, பிலிப் ஃப்ரெனோ என்ற கவிஞர் அதைப் பாடினார். அந்த மாலுமிகளுக்கு அரபியில் ஹைதர் என்றால் என்னவென்று தெரிந்திருக்க வேண்டிய தேவை இல்லை. ஆங்கிலேயரை அடித்தவர் என்ற ஒரே பொருளே அந்தப் பெயருக்கு அங்கே இருந்தது, அதுவே போதுமானதாகவும் இருந்தது.

தமிழ்நாட்டில் அந்தப் பெயர் பெற்ற குணம் இரண்டாகப் பிரிந்து நிற்கிறது. சிவகங்கைச் சீமையில், 1772இல் கணவர் முத்துவடுகநாதர் காளையார்கோவிலில் கொல்லப்பட்டபின் விருப்பாட்சியில் தங்கியிருந்த வேலுநாச்சியாருக்கு ஆதரவும் படையும் தந்து, 1780இல் அவர் தம் சீமையை மீட்கத் துணைநின்றவர் ஹைதர்; அங்கே அது சொல் தவறாத நண்பரின் பெயர். அதே 1780இல் ஜூலை மாதம் செங்கம் கணவாய் வழியாக அவருடைய படை ஆற்காட்டு நவாபின் சமவெளிக்குள் இறங்கி, எதிரிக்கு உணவு கிடைக்கக்கூடாது என்பதற்காக ஊர்களையும் பயிரையும் எரித்தது. ஆற்காடு, செங்கற்பட்டுப் பகுதிகளின் உழவர்கள் பஞ்சத்திலும் இடம்பெயர்விலும் பட்ட துயரத்தை, ஆற்காட்டு நவாபின் கடன்கள் பற்றி 1785இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் பேசிய எட்மண்ட் பர்க்கும் எடுத்துரைத்தார். அங்கே அந்தப் பெயர் கலாபத்தின் பெயர். ஆளைப் போற்றுவோர் இந்தத் துயரத்தை மறைப்பதும், துயரத்தைச் சொல்வோர் அந்த நட்பை மறைப்பதும் சரியன்று; இரண்டும் ஒரே மனிதர் செய்தவை.

தமிழ்ப் பேச்சில் இந்த இரண்டும் கரைந்துபோய், பழைமையைக் குறிக்கும் ஒரு வழக்கு மட்டும் எஞ்சியது. ‘ஹைதர் காலத்துப் பெட்டி’, ‘ஐதர் அலி காலத்துக் கட்டடம்’ என்று பேசும் ஒருவருக்குச் சிங்கமோ கைபரோ பெதனூரின் வராகனோ நினைவில் வருவதில்லை. மிகப் பழையது என்பது மட்டுமே பொருள். எழுத்திலும் ஹைதர், ஐதர், ஐதரலி என்று மூன்று வடிவங்கள் உலவுகின்றன. ஐதர் என்று கிரந்த எழுத்தைத் தவிர்த்து எழுதும்போது, காசில் தனித்து நின்ற அந்த ‘ஹே’ என்ற முதலெழுத்தே இல்லாமல் போய்விடுகிறது. ஆற்காட்டில் உள்ள திப்பு மஸ்தான் தர்காவுக்கும் கோலாரில் உள்ள ஃபத் முஹம்மதுவின் கல்லறைக்கும் ஸ்ரீரங்கப்பட்டினத்தில் புலிவரி தீட்டிய உட்சுவர்களைக் கொண்ட கும்பஸ் என்னும் ஹைதரின் கல்லறைக்கும் செல்வோர் உண்டு. 1782இல் நரசிங்கராயன்பேட்டைப் பாசறையில் இறந்த ஹைதரின் உடல் முதலில் கோலாரில் தந்தையின் அருகே வைக்கப்பட்டு, பின்னரே தலைநகருக்குக் கொண்டுசெல்லப்பட்டது. இந்த இடங்களை இணைக்கும் வரலாற்றுப் பாதையில் பூதிகோட்டைக்கு இன்னும் உரிய இடம் தரப்படவில்லை. கன்னட, தெலுங்கு, தமிழ் நாட்டார் வழக்காறுகளையும் பாரசீக ஆவணங்களையும் ஒருங்கே வைத்து, அந்த ஊரில் ஹைதர், ஷாபாஸ், ஃபத் என்ற பெயர்கள் எந்தக் குடிகளிடம் எப்படி வழங்கின, இன்று எப்படி வழங்குகின்றன என்று ஆராயும் பணி, அந்த மும்மொழி வட்டாரத்தை அறிந்த ஆய்வாளர்கள் கையில் எடுக்க வேண்டியது.